பாகூர் ஏரிக்கரையில்

என் தங்கையைப் பாகூரில் ஓர் உழவர் குடும்பத்தில் கொடுத்து வருஷங்கள் பல ஆகிவிட்டன. கல்யாணம், காதுகுத்து, கருமாதி என்று காரியம் வந்தால் போய், பந்தலில் உட்கார்ந்து, பந்தியில் சாப்பிட்டு, மொய் எழுதிவிட்டு, இரவு வண்டிக்கே திரும்பிவிடுவது எங்கள் பக்கத்து மனிதர்களின் சம்பிரதாயம். அப்படிப் போய் வருகிறவனுக்குச் சம்பந்தி ஊர் என்பது பேருந்து நிற்கும் இடமும் சமையல் கொட்டகையும்தான். ஆகையால், இந்தத் தை மாதக் கடைசியில், சம்பா அறுப்பு நடந்துகொண்டிருந்த சமயத்தில், காரியம் யாதொன்றும் இல்லாமல் ஊரைப் பார்ப்பதற்கென்றே நான் புறப்பட்டுப் போனது அந்த வீட்டில் சற்றுக் கலவரத்தை உண்டாக்கிவிட்டது. தங்கையின் மாமியார் காப்பி கொண்டுவந்து கொடுத்து, எதிரே உட்கார்ந்து, ஊர் க்ஷேமமெல்லாம் விசாரித்து முடித்த பிறகும் எழுந்து போகாமல், "சொத்து சம்பந்தமா ஏதாவது பேச வந்தீங்களா தம்பி?" என்று மெதுவாகக் கேட்டார். "இல்லை அத்தை, ஏரியைப் பார்க்கலாம் என்று வந்தேன்" என்றேன். கண்மாய்களுக்குப் பஞ்சமே இல்லாத சிவகங்கைச் சீமையிலிருந்து ஒருவன் இரவெல்லாம் ரயிலேறி ஏரி பார்க்க வருவான் என்பதை அவர் அவ்வளவு சுலபமாக நம்பிவிடவில்லை.

போகும் வழியை நான் வேண்டுமென்றே சுற்று வழியாக வைத்துக்கொண்டேன். கடலூர் மார்க்கமாகப் போனால் பாகூர் கிட்டம். எல்லோரும் அப்படித்தான் போகிறார்கள். நானோ விழுப்புரத்தில் இறங்கி, 1879-ல் போடப்பட்ட புதுச்சேரி இருப்புப்பாதையில் வளவனூர், சின்னபாபுசமுத்திரம் என்று நின்று நின்று செல்லும் வண்டியில் ஏறி, புதுச்சேரிக்கு முந்திய நிலையமான வில்லியனூரில் இறங்கினேன். ஒரு காலத்தில் இரண்டு ராஜ்யங்களின் எல்லையைக் கடந்து சுங்கச் சோதனைக்கு உட்பட்டுச் சென்ற பாதை இது என்பதை அறிந்துகொள்ள இன்று வெளியில் ஓர் அடையாளமும் கிடையாது. இரு பக்கமும் அதே கரும்பு, அதே சவுக்கு, அதே செங்கல் சூளை.

வில்லியனூர், கோயிலால் பெயர் பெற்ற ஊர். கோகிலாம்பாள் உடனுறை திருக்காமீஸ்வரர் கோயிலின் கோபுரம் கடைவீதியின் சந்தடிக்கு நடுவில் நிற்கிறது. வைகாசிப் பெருவிழாவில் இந்தச் சுவாமியின் தேர் வடத்தைப் பிரெஞ்சுக் கவர்னர் வந்து தொட்டு இழுத்துக் கொடுப்பது அந்நாளைய வழக்கம். ஆட்சி மாறிய பின்பும் அந்த மரியாதை துணைநிலை ஆளுநரைத் தொடர்ந்து வருகிறது. கிறிஸ்துவ தேசத்து அதிகாரி ஒருவர் சிவபெருமானின் தேருக்கு வடம் பிடித்ததை மத சமரசத்தின் திருவுருவம் என்று கொண்டாடிப் பேசுகிறவர்கள் உண்டு. புதுச்சேரி நகரத்து வேதபுரீஸ்வரர் கோயிலை 1748-ல் இடித்ததும் அதே பிரெஞ்சு ராஜ்யந்தான் என்பதை நினைக்கும்போது, அதைப் பக்தி என்பதைவிட, ஊரை ஆள வந்தவன் ஊரின் பெரிய மனிதனாகவும் தென்பட வேண்டும் என்ற ராஜதந்திரம் என்று கொள்வதே பொருத்தமென்று எனக்குத் தோன்றுகிறது. ஆனால் ஊராருக்கு இந்த ஆராய்ச்சியெல்லாம் வேண்டியிருக்கவில்லை. தேர் நிலைக்கு வந்து சேர்ந்தால் போதும்.

சற்றுத் தள்ளி லூர்து அன்னையின் ஆலயம் இருக்கிறது. 1877-ல் பிரான்சிலிருந்து அன்னையின் சுரூபம் வந்து சேர்ந்தது முதல் அது ஒரு யாத்திரை ஸ்தலம். ஆலயத்தின் எதிரே படிகள் அமைந்த திருக்குளம் ஒன்று இருப்பது என்னை மிகவும் கவர்ந்தது. மாதா கோயிலுக்குக் குளம் வெட்ட வேண்டுமென்று எண்ணியவர் இந்த நாட்டுச் சுபாவத்தை நன்றாக அறிந்தவராகத்தான் இருந்திருக்க வேண்டும். வில்லியனூரின் சுடுமண் வேலைக்குப் புவிசார் குறியீடு கிடைத்திருக்கிறது என்றார்கள். குதிரையும் யானையும் விளக்குமாக அடுக்கி வைத்திருந்த ஒரு தாழ்வாரத்தில் நின்று, சூளைக்குப் போகாத பச்சை மண் குதிரை ஒன்றின் பிடரியில் குயவரின் கட்டைவிரல் இழுத்த கோடுகளை வெகு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன். விலைக்கு வாங்கிக்கொள்ளச் சொன்னார். ரயிலில் உடையாமல் கொண்டுபோக முடியாது என்று சொல்லி நகர்ந்தேன்.

ஊருக்குத் தெற்கே ஓடும் சங்கராபரணி ஆற்றின் கரையில் திருக்காஞ்சி இருக்கிறது. மாசி மகத்துக்கு நாலாதிசையிலிருந்தும் மூர்த்திகளைத் தீர்த்தவாரிக்குக் கொண்டுவந்து இறக்கும் இடம் அது. காசிக்கும் வீசம் அதிகம் என்று அந்த ஸ்தலத்தைப் பற்றி ஊரில் ஒரு வழக்கு உண்டு. செஞ்சி மலைப் பக்கத்தில் பிறந்து வருகிற இந்த ஆற்றின் குறுக்கே விழுப்புரம் மாவட்டத்தில் வீடூர் அணை 1959-ல் திறக்கப்பட்டது. அணை ஒரு மாநிலத்தில், அதில் பாசனம் பெறும் நிலத்தில் ஒரு பகுதி மற்றொரு மாநிலத்தில். இந்த விசித்திரம் பிரயாணம் முழுவதும் என்னைத் தொடர்ந்து வந்தது.

என்னை அழைத்துப்போக வில்லியனூருக்கு வந்திருந்தவர் தங்கையின் மாமனார். எண்பதைத் தாண்டிய மனிதர். பேரன் ஓட்டிய வண்டியில் பின்னால் உட்கார்ந்து கொண்டு, வழியெல்லாம் எனக்குத் தேச சரித்திரம் சொல்லிக்கொண்டே வந்தார். கீழூரைப் பார்க்காமல் போகக்கூடாது என்று அவர் பிடிவாதம் பிடித்ததனால் மங்கலத்துப் பக்கம் திரும்பினோம். வில்லியனூர் கொம்யூன் என்ற உள்ளாட்சிப் பிரிவைச் சேர்ந்த அந்தச் சிற்றூரில்தான், 1954-ம் வருஷம் அக்டோபர் 18-ந் தேதி, பிரெஞ்சிந்தியப் பிரதேசங்களின் சட்டசபை அங்கத்தினர்களும் முனிசிபல் அங்கத்தினர்களுமாக 178 பேர் கூடி, இந்தியாவோடு சேருவதா வேண்டாமா என்று வாக்களித்தார்கள். 170 பேர் சேருவதற்கு ஆதரவு. 8 பேர் எதிர்ப்பு. நவம்பர் முதல் தேதி ஆட்சி கைமாறியது. பிரெஞ்சுப் பாராளுமன்றம் ஒப்பந்தத்தை அங்கீகரித்து, சட்டப்படி மாற்றம் பூர்த்தியாக 1962 ஆகஸ்டு 16 வரை ஆயிற்று. அந்த ஆகஸ்டு 16-ல் இன்றும் கீழூர் நினைவிடத்தில் கொடியேற்றுகிறார்கள். மற்ற நாட்களில் அங்கே நடமாட்டம் கிடையாது.

"நீங்கள் அப்போது பார்த்தீர்களா மாமா?" என்று கேட்டேன்.

"எங்க தம்பி பார்க்க விட்டாங்க? எனக்குப் பதினோரு வயசு. ரோட்டுல ஜீப்பு போச்சு, ஜீப்புல கொடி இருந்துச்சு, பின்னாலேயே ஓடினோம். அவ்வளவுதான். சாயங்காலம் வீட்டுக்கு வந்தா எங்கப்பா ஓடினதுக்கு அடிச்சாரு."

அதே வருஷம் மார்ச்சு மாதத்திலிருந்தே நெட்டப்பாக்கம் முதலிய மேற்கத்திய கொம்யூன்கள் எதுவார் குபேர் முதலியவர்களின் தலைமையில் பிரெஞ்சு அதிகாரத்தை உதறிவிட்டிருந்தன என்பதும், கீழூரில் நடந்தது ஏற்கனவே பழுத்துவிட்ட கனியைப் பறித்த காரியமே என்பதும் சரித்திரம். ஆயினும் பல லட்சம் ஜனங்களின் பிரஜா உரிமையை 178 பேர் ஒரு பகற்பொழுதில் தீர்மானித்தார்கள் என்பதை அந்தக் கட்டடத்தின் எதிரே நின்று நினைத்துப் பார்த்தபோது எனக்கு வியப்பாகவே இருந்தது. பெரியவருக்கு அந்த வியப்பு இல்லை. "நாங்க கேக்காததையா அவங்க செஞ்சாங்க?" என்றார்.

உறுவையாறு, கோர்க்காடு, கரிக்கலாம்பாக்கம் என்று பாகூரை நோக்கிப் போகிற சாலை வயல்களுக்கு ஊடே போகிறது. புதுச்சேரிப் பிரதேசத்தின் படத்தைப் பார்த்தவர்களுக்குத் தெரியும்: நெல் உலர்த்திய களத்தில் கோழி புகுந்து கிளறியது போல், ஒரே பிரதேசம் துண்டு துண்டாகச் சிதறி, இடையிடையே தமிழ்நாடு புகுந்து கிடக்கும். எந்த வாய்க்கால் வரப்போடு ஓர் ஆட்சி முடிந்து மற்றோர் ஆட்சி தொடங்குகிறது என்பதை, வண்டி ஓட்டிய பையன் பெட்ரோல் விலைப் பலகையையும் மதுக்கடைகளின் நெருக்கத்தையும் கொண்டு சொல்லி வந்தான். பெரியவரோ, சிவப்புத் தொப்பிப் போலீஸ்காரர் நின்றால் புதுச்சேரி என்று சொல்லிவிடுவார். இந்தச் சிதறலுக்குக் காரணம் ஆங்கிலேயரும் பிரெஞ்சுக்காரரும் ஆற்காட்டு நவாபுப் பட்டத்துக்காக நடத்திய கர்நாடக யுத்தங்களே. அப்பட்டத்துக்குப் போட்டியிட்ட சந்தா சாகிபின் கட்சியில் நின்று சண்டையிட்டதற்குக் கைம்மாறாக 1749-ல் வில்லியனூர், பாகூர்ச் சீமைகளைப் பிரெஞ்சுக்காரர் பெற்றனர். மூன்று வருஷம் கழித்து, 1752-ல், பிரெஞ்சுக் கவர்னர் தியூப்ளேயின் சகோதரி மகனான கெர்ஜான் நடத்திச் சென்ற படையை ஆங்கிலத் தளபதி லாரன்ஸ் தோற்கடித்ததும் இந்தப் பாகூர் வெளியில்தான். பிறகு பிடிபட்டும் விடுபட்டும், 1816-ல் எஞ்சியதைத் திரும்பப் பெற்றுக்கொண்டபோது, எந்தெந்தக் கிராமம் எவன் வசம் என்பது இந்தக் கோலத்தில் நிலைத்துவிட்டது. லாரன்சையும் கெர்ஜானையும் பாகூர்க் கடைத்தெருவில் கேட்டால் யாருக்கும் தெரியாது. அவர்கள் இழுத்த கோட்டில்தான் இன்றும் ரேஷன் அட்டை தருகிறார்கள்.

தங்கையின் வீடு பழைய ஓட்டு வீடு. முன்பக்கம் மாத்திரம் மெத்தை போட்டிருக்கிறார்கள். நான் போன அன்று வீட்டாருடைய கவனமெல்லாம் கழனியிலேயே இருந்தது. நெல் அறுக்கும் பெல்ட் வண்டி கிடைத்துவிட்டது என்று மைத்துனர் ஓடினார். வாடகை மணிக்கணக்கு, அடுத்தவர் கழனிக்கு அது நகர்வதற்குள் அறுத்து முடிக்க வேண்டும். இரைச்சலோடு அது வந்து, ஒரு முனையிலிருந்து மறு முனைக்குப் போய்த் திரும்பியபோது, நெல் தனியே தார்ப்பாயில் கொட்டிக் குவிந்தது. முன்பு இருபது ஆள் கருக்கரிவாளோடு இறங்கி, கதை பேசி, கூலியை நெல்லாக அளந்து வாங்கிச் சென்ற இடம் இது என்று பெரியவர் வரப்பில் நின்றபடி சொன்னார். வருத்தத்தோடு சொன்னாரா, நிம்மதியோடு சொன்னாரா என்று கண்டுபிடிக்க முடியவில்லை. "ஆளுங்க கிடைச்சா நான் ஏன் இதைக் கூப்பிடறேன் மச்சான்?" என்று மைத்துனர் என்னிடம் முணுமுணுத்தார்.

இரவு சாப்பாட்டுக்குப் பிறகு பெரியவர் ஒரு தகரப் பெட்டியைத் திறந்து, துணியில் சுற்றி வைத்திருந்த பத்திரம் ஒன்றை எனக்குக் காட்டினார். அவருடைய தகப்பனார் 1930-களில் ஏரிக்குக் கீழே நிலம் வாங்கியதற்கான கிரயப் பத்திரம். எழுதியவர் நொத்தேர் என்ற பத்திர அதிகாரி, எழுதியிருப்பது பிரெஞ்சில். பழுப்பேறிய தடித்த காகிதம், சாய்வாக ஓடும் கூட்டெழுத்து, முத்திரை. அடியில் வாங்கியவருடைய கையெழுத்து மட்டும் தமிழில், எழுத்துக் கூட்டி எழுதிய மாதிரி, ஒவ்வொன்றும் வெவ்வேறு உயரமாக நின்றது. தான் எதில் கையெழுத்துப் போடுகிறோம் என்பதை அம்மனிதர் நொத்தேரின் வாய்மொழியை நம்பியே அறிந்திருக்க வேண்டும். சட்டம் படிக்கிற பேத்தி வந்து, எழுத்தெழுத்தாகப் படித்து, 53 ஆர் 50 சந்தியார் என்று விஸ்தீரணத்தைச் சொன்னாள். "நூறு குழி, ஒரு காணி" என்று பெரியவர் உடனே தலையை ஆட்டினார். புதுச்சேரிக் காணி எங்கள் பக்கத்துக் கணக்கில் ஒரு ஏக்கர் 32 சென்டு வரும். துரைமார் பாரீசிலிருந்து மெட்ரிக் அளவையைக் கொண்டுவந்து பத்திரத்தில் எழுதிவிட்டுப் போனார்கள்; இன்றைக்கும் இந்த ஊரில் நிலம் கைமாறும்போது வாயில் வருவது குழிதான். ஆனால் 1880-ல் அவர்கள் ஏற்படுத்திய கொம்யூன் மாத்திரம் நிலைத்துவிட்டது. குடிதண்ணீர் வராவிட்டால் தங்கை போய்ச் சண்டை போடுவது கொம்யூன் ஆபீசில்தான். அந்தச் சொல்லை அவள் எங்கள் ஊர்ப் பெண் என்பதே மறந்துபோகும்படி உச்சரிக்கிறாள்.

மறுநாள் விடியற்காலையில் ஏரிக்குப் போனோம். ஊசுடு ஏரிக்கு அடுத்தபடி புதுச்சேரிப் பிரதேசத்தில் பெரிய ஏரி பாகூர் ஏரியே. பாகூரை இப்பிரதேசத்தின் நெற்களஞ்சியம் என்று சொல்வதெல்லாம் இந்தத் தண்ணீரை வைத்துத்தான். கரைமேல் பனைகள் வரிசை. நீர்ப்பரப்பில் நாமக்கோழிகள் கூட்டங்கூட்டமாக மிதந்துகொண்டிருந்தன. வெளிநாட்டுப் பறவைகள் சிலவும் வந்திருப்பதாகச் சொன்னார்கள். எனக்குப் பறவைகளைவிட ஏரிக்குத் தண்ணீர் வருகிற வழியைக் கேட்பதிலேயே மனம் சென்றது. தென்பெண்ணை ஆற்றில், தமிழ்நாட்டு எல்லைக்குள் இருக்கிற சொர்ணாவூர் அணைக்கட்டிலிருந்து பிரிந்து, பங்காரு வாய்க்கால் என்ற பெயரோடு கிராமம் கிராமமாகக் கடந்து வந்து அது இந்த ஏரியில் விழுகிறது. பங்காரி, சிங்காரி என்று இரண்டு தாசிச் சகோதரிகள் இருந்தார்கள், தாங்கள் தேடிய செல்வத்தையெல்லாம் கொட்டி வாய்க்கால் வெட்டி வைத்தார்கள் என்பது ஊர்க் கதை. கல்வெட்டு ஆதாரம் கேட்கிற பண்டிதர்கள் இதை ஒப்புக்கொள்ள மாட்டார்கள். ஆனால் ராஜாவின் பெயரையோ கவர்னரின் பெயரையோ தாங்காமல், ஆட்டக்காரி ஒருத்தியின் பெயரைத் தாங்கிக்கொண்டு ஒரு வாய்க்கால் இத்தனை காலம் ஓடுவது, யாரோ ஒருத்தி உண்மையிலேயே கொடுத்திருந்தாலொழிய நடக்குமா என்பது என் சந்தேகம்.

பெரியவர் மதகின் மேல் உட்கார்ந்து, வெற்றிலையை மடித்தார். கீழே, மதகுக் கண்ணிலிருந்து வெளியே வந்த தண்ணீர் கல் தொட்டியில் ஒரு சுழி சுழித்து, பாசியை ஒரு பக்கமாக வாரி ஒதுக்கிவிட்டு, வாய்க்காலில் முழங்கால் ஆழத்துக்கு இறங்கிப் போயிற்று. கடைமடையிலிருந்து சைக்கிளில் வந்த ஒருவர், தம் நவரை நாற்றங்காலுக்கு முறை வரவில்லை என்று மடை பார்க்கிறவரோடு வாதாடிக்கொண்டிருந்தார். "முந்தா நேத்து ராத்திரி யாரு அடைச்சது, அதைச் சொல்லு முதல்ல" என்பதே வாதத்தின் சாரம். பிரெஞ்சுக்காரர் காலத்தில் இந்தத் தகராறுகளைத் தீர்க்க விவசாயிகளுடைய சங்கம் இருந்தது என்றும், அதைச் 'சிண்டிகா' என்பார்கள் என்றும், வாய்க்கால் தூர்வாரப் பணம் போடாதவனுக்கு மடை திறக்க மாட்டார்கள் என்றும் பெரியவர் விளக்கினார். சங்கம் போய், சர்க்கார் வந்து, ஆழ்குழாய்க் கிணறும் இலவச மின்சாரமும் வந்த பிறகு, ஏரியை எதிர்பார்க்க வேண்டிய அவசியம் பலருக்கு இல்லாமற் போயிற்று, தூர்வாரவும் ஆளில்லை. கடலோரக் கிராமங்களில் கிணற்றில் உப்பு ஏறத் தொடங்கிய பிறகே மறுபடியும் ஏரியின் நினைப்பு வந்தது. ஐரோப்பிய யூனியனின் உதவியோடு 1999 முதல் இப்பிரதேசத்து 84 ஏரிகளையும் செப்பனிட்டு, மீண்டும் சங்கங்களை அமைத்தார்கள். பழைய சிண்டிகாவையே பேர் மாற்றிக் கொண்டுவந்தார்கள் என்பது பெரியவரின் அபிப்பிராயம். முழுவதும் சரியல்லதான், முழுவதும் தவறும் அல்ல.

ஏரியையும் கல்வியையும் சேர்த்தே பேணிய ஊர் இது என்பதைச் சொல்ல மூலநாதர் கோயில் இருக்கிறது. வேதாம்பிகை உடனுறை மூலநாதரின் கற்றளியில் சோழர்களின் சாசனங்களோடு, தக்கோலத்தில் சோழரை வென்று இந்த மண்டலத்தைக் கைக்கொண்ட ராஷ்டிரகூடக் கிருஷ்ணன், அதாவது கன்னரதேவன் காலத்துச் சாசனங்களும் காணப்படுகின்றன. அடிப்பீடத்துக் கல்லில் விரலை வைத்து ஒவ்வோர் எழுத்தாகத் தடவிப் பார்த்தேன். சில எழுத்துக்கள் பிடிபட்டன, ஒரு வரி முழுவதும் பிடிபடவில்லை. இந்தக் கோயிலைவிடப் பழைய சாட்சி ஒன்று ஊருக்கு உண்டு. பல்லவன் நிருபதுங்கவர்மனின் எட்டாம் ஆட்சியாண்டில், ஒன்பதாம் நூற்றாண்டின் பிற்பகுதியில், பாகூரில் இருந்த வித்யாஸ்தானத்துக்குச் சேட்டுப்பாக்கம், விளாங்காட்டங்கடுவனூர், இறைப்புனைச்சேரி என்ற மூன்று கிராமங்களைத் தானம் செய்த செப்பேடு அது. வளையத்தில் கோத்த ஐந்து ஏடுகள். சமஸ்கிருதமும் தமிழும் கலந்தவை. பாகூர் வித்துவான்களிடத்தில் தங்கியிருந்த கல்வியை, சிவபெருமானின் சடையில் தங்கிய கங்கையோடு ஒப்பிட்டு அந்தச் சாசனம் பேசுகிறது. வாய்க்காலும் மதகுமாக வாழ்ந்த ஊரைப் பற்றி எழுதிய கவிக்கு வேறு உவமை தோன்றியிருக்க முடியாது. செப்பேடு 1879-ல் பாகூரில் அகப்பட்டது. பிரெஞ்சு நீதிபதி ஒருவர் கைக்கு வந்து, கப்பலேறி, இன்று பாரீஸ் தேசிய நூலகத்தில் இருக்கிறது.

இதைப் பற்றி வீட்டில் பேச்சு வந்தபோது பெரியவர் சட்டென்று உற்சாகமடைந்தார். பக்கத்துத் தெருவில் ஒரு சொல்தாவின் குடும்பம் உண்டு. பாட்டனார் பிரெஞ்சுப் பட்டாளத்தில் சேர்ந்து சைகோன் போய் வந்தவர். 1962-ல் பிரஜா உரிமையைத் தேர்ந்துகொள்ள ஆறு மாத அவகாசம் கொடுத்தபோது அவர் பிரான்சைத் தேர்ந்தார். அதன் பலனாகப் பேரன் இப்போது பாரீசுக்குப் பக்கத்தில் ஓட்டல் ஒன்றில் வேலை பார்க்கிறான். பெரியவருக்கு அவன் தூரத்து உறவு. செப்பேட்டை நேரில் பார்த்து, ஒரு போட்டோ எடுத்து அனுப்பும்படி அவனிடம் அவர் பல வருஷங்களாகச் சொல்லிவருகிறாராம். எனக்குக் காட்டுவதற்காக அப்போதே பேத்தியைக் கூப்பிட்டுக் கைப்பேசியில் அவனைப் பிடிக்கச் சொன்னார். முகம் தெரிந்தது, சமையலறை உடுப்பில் இருந்தான்.

"போனியாடா?"

"ஞாயித்துக்கிழமைதான் தாத்தா எனக்கு லீவு. அன்னிக்குப் பூட்டியிருப்பாங்க."

"ஒரு நாள் லீவு போடறது."

"அதுக்குச் சும்மா போனா காட்ட மாட்டாங்க தாத்தா. லெட்டர் எழுதி, பர்மிஷன் வாங்கி, அப்புறம்தான். இந்த வாட்டி என்ன, கோடை அறுப்புக்கு ஏரியில தண்ணி நிக்குமா?"

"பங்குனி வரைக்கும் நிக்கும்" என்று சொல்லிவிட்டு, அவன் அம்மாவின் முட்டி வலியைப் பற்றியும், அவர்கள் குத்தகைக்கு விட்டிருக்கும் கழனிக்கு இந்த வருஷம் எத்தனை மூட்டை வந்தது என்பதைப் பற்றியும் பெரியவர் விவரமாகப் பேசத் தொடங்கினார். செப்பேட்டின் பேச்சு மறுபடி எழவில்லை.